எலுமிச்சை உள்ளே போனால் உறைபனி

"வேளாண் வானிலை ஆலோசகர் என்பவர் தரவுகளின் அடிப்படையில் உறுதியான, ஐயத்துக்கு இடமற்ற எச்சரிக்கைகளை உரிய காலத்தில் வழங்குபவர். அவருடைய சொல்லைக் கேட்டே விவசாயி தன் நடவைத் திட்டமிடுகிறார்."

துறையின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே இப்படித் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. போட்டவர் எங்கள் ஊர் ஆலோசகரைப் பார்த்தவர் இல்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் மெல்லிய எழுத்தில் போட்டிருப்பார்.

எங்கள் ஆலோசகர், வெயில் என்று தானே எழுதிய நாளிலும் குடையோடு வெளியே போகிறவர். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் ஒருமுறை துணிந்து "நாளை மழை இல்லை" என்று எழுதினாராம். மறுநாள் அந்த இல்லாத மழையில் கடைத்தெரு முழுக்க நனைந்தது. நனைந்தவர்கள் அத்தனை பேரும் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து "வாய்ப்புள்ளது" என்ற சொல் இல்லாமல் அவர் ஒரு வரி எழுதியதில்லை. "மழைக்கு வாய்ப்புள்ளது. மழையின்றி இருக்கவும் வாய்ப்புள்ளது. காற்றின் வேகம் கூடவோ குறையவோ வாய்ப்புள்ளது." இந்த அறிக்கை ஒருநாளும் பொய்த்ததில்லை என்பதை எதிரிகூட ஒப்புக்கொள்வான். ஒருநாளும் யாருக்கும் உபயோகப்படவில்லை என்பதை நண்பர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஊரில் அவருக்கு 'வாய்ப்பு சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் சார்.

அலுவலகம் கடைத்தெருவில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே அவர் வீடு. அலுவலக வாசலில் அறிவிப்புப் பலகை. பலகைக்கு நேர் மேலே வீட்டின் பால்கனி. பால்கனியில் தொட்டிச் செடிகள். சில தக்காளி, ஒரு மிளகாய், எதிர் வரிசையில் விதைக்கடை வைத்திருக்கும் அம்மா இனாமாகக் கொடுத்த, என்னவென்று அந்த அம்மாவுக்கே தெரியாத செடி ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில், பாதியாக அறுத்த பீப்பாய்க்குள், ஓர் எலுமிச்சை.

எலுமிச்சை என்றால் அவருக்கு உயிர். குளிர் அதற்கு ஆகாது, காற்று ஆகாது, அதிக வெயிலும் ஆகாது. பிள்ளைகள் இல்லாத வீடு என்று யாராவது பரிதாபப்பட்டால் அவர் மனைவி சிரிப்பார். "யார் சொன்னது? மூத்தது பால்கனியில நிக்குது. காலையில எழுந்ததும் அது முகத்துலதான் முழிக்கிறார். என் முறை அதுக்கப்புறம்."

எங்கள் பக்கத்தில் வசந்த காலம் என்பது கவிஞர்களுக்கு மட்டும் இன்பமானது. நடவு செய்கிறவனுக்கு அது மூன்றாம் மனிதர்களை நம்பி வியாபாரம் செய்வது மாதிரி. குளிர்காலம் போய்விட்டது என்று நாற்றைக் கொண்டுபோய் வயலில் வைத்தால், எதையோ மறந்து வைத்துவிட்டவர் போல அது திரும்பி வரும். ஒரு மாலை ஆலங்கட்டி கொட்டி இலைகளைச் சல்லடையாக்கும். இன்னொரு நாள் காற்று இளந்தண்டுகளை முறித்துப் போடும். எல்லாவற்றையும்விட மோசம் உறைபனி. அது சத்தம் போடாது. மாலையில் பச்சையாக நின்ற வரிசை, காலையில் வேகவைத்த கீரை மாதிரி படுத்துக் கிடக்கும். முந்தி நட்டால் பனி தின்னும். பிந்தி நட்டால் கோடை தின்னும். ஆகவே என்றைக்கு நடுவது, நட்டதை என்றைக்கு மூடுவது என்ற இரண்டு கேள்விகளோடு விவசாயிகள் தினமும் அந்தப் பலகைக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

வந்து படிப்பார்கள். படித்து முடித்ததும் எல்லோரும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். ஜன்னல் வழியாக இதைக் கவனித்த ஆலோசகருக்கு மனம் நிறைந்துபோகும். அறிக்கையை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். "இப்பகுதி விவசாயிகளிடம் அறிவியல் மனப்பான்மை பெருகி வருகிறது" என்று தலைமை அலுவலகத்துக்கும் எழுதினார்.

அவர்கள் பார்த்தது வானத்தை அல்ல, பால்கனியை.

தக்காளித் தொட்டிகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தால் காற்று வரும். தொட்டிகளின்மேல் பழைய கூடைகளைக் கவிழ்த்திருந்தால் ஆலங்கட்டி. எலுமிச்சை வீட்டுக்குள் போய்விட்டால் உறைபனி. அன்று நடவு இல்லை, நட்டதை மூட வேண்டும். இதில் மூடநம்பிக்கை ஏதும் இல்லை. பலகையில் எழுதும்போது அவருக்கு, தவறிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். தொட்டியைத் தூக்கும்போது, செடி போய்விடுமே என்ற பயம். விவசாயியின் பயமும் இரண்டாவதுதான். ஒரே வரைபடத்தையும் ஒரே வெப்பமானியையும் பார்த்து ஒரே மனிதர் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஒன்று சாக்பீஸில், மற்றது தொட்டியில். ஊர் இரண்டாவதைப் படித்தது. பலகையைப் படித்தது மரியாதைக்கு.

இது பல வருடங்கள் நல்லபடியாக நடந்தது. கெடுத்தது பெயின்ட்.

அந்த வசந்தத்தில் பால்கனிக் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன என்று ஆலோசகரின் மனைவி ஆள் வைத்துப் பெயின்ட் அடித்தார். தொட்டிகள் எல்லாம் கூடத்துக்குள் போயின. எலுமிச்சை சோபாவுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி நின்றது. வெளியே தங்கமான வெயில். பலகையில் "வெயிலுக்கு வாய்ப்புள்ளது" என்று எழுதிவிட்டு மாலையில் குடையோடு நடக்கப் போன ஆலோசகர், ஊருக்கு வெளியே வந்ததும் திகைத்து நின்றார். கண்ணுக்கு எட்டிய வயல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. சாக்கு, வைக்கோல், தார்ப்பாய், பழைய படுக்கை விரிப்பு. நடவுக்குக் கொண்டுவந்த நாற்றுத் தட்டுகள் வண்டியிலிருந்து இறங்காமலே இருந்தன. பள்ளத்தில் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வியர்வை வழிய நின்று ஒரு ஜன்னல் திரையைத் தக்காளி நாற்றுகளின்மேல் இழுத்துக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அந்த வருடம்தான் விவசாயத்துக்கு வந்திருந்தான்.

"என்னப்பா இது? வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, செடிக்குப் போர்வை போத்துறே?"

"நீங்கதானே மாமா சொன்னீங்க."

"நானா? வெயில்னுதானே போட்டேன்! அதாவது, வாய்ப்பு."

"பலகையை யார் பார்த்தா? எலுமிச்சை உள்ள இருக்கே."

"எலுமிச்சைக்கும் உன் தக்காளிக்கும் என்ன சம்பந்தம்?"

மச்சினன் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "மாமா, நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, காற்றுக்கு என்ன, ஆலங்கட்டிக்கு என்ன, உறைபனிக்கு என்ன என்று எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல ஆலோசகரின் குடை தானாகத் தாழ்ந்தது.

"டேய், உங்க அக்கா கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறா! அதுக்காக உள்ள வெச்சது!"

மச்சினன் கையிலிருந்த திரையை அப்படியே போட்டான். பக்கத்து வயல்காரரைப் பார்த்து வாயைக் குவித்துக் கத்தினான். "பெயின்டாம்! பனி இல்லையாம்! எடுத்துடுங்க!"

பக்கத்து வயல்காரர் அடுத்த வயலுக்குக் கத்தினார். "பெயின்ட்" என்ற சொல் பள்ளம் முழுக்க ஓடி, மேடேறி, கண்ணுக்குத் தெரியாத வயல்களுக்கும் போனது. வரிசை வரிசையாகப் போர்வைகள் விலகின. ஆலோசகர் இத்தனை வருட உத்தியோகத்தில் ஊர் ஒரு அறிவிப்பை இவ்வளவு வேகமாகப் பின்பற்றி அன்றைக்குத்தான் பார்த்தார்.

மறுநாள் விதைக்கடையின் பின்கட்டில், உர மூட்டைகளுக்கு நடுவே, விவசாயிகள் கூட்டம் நடந்தது. கூட்டச் சொன்னவர் ஆலோசகர்.

"நான் படிச்ச படிப்பு என்ன, பார்க்கிற உத்தியோகம் என்ன! நீங்க ஒரு தொட்டியைப் பார்த்து விவசாயம் பண்றீங்க! இன்னைக்குச் சொல்றேன், என் தொட்டிக்கும் வானிலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கோடை வர்ற வரைக்கும் ஒரு தொட்டிகூட நகராது. புயலே வந்தாலும் நகராது. இது சத்தியம். இனிமே பலகையைத்தான் நீங்க படிக்கணும்."

விதைக்கடை அம்மா பணிவாகக் கேட்டார். "படிக்கிறோம் சார். நாளைக்கு என்ன போடப் போறீங்க?"

"நாளைக்குத் தெளிந்த வானத்துக்கு வாய்ப்..." என்று தொடங்கியவர் சிரிப்பைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அவரைச் சுட்டது. நேரே மாடிக்குப் போய், தொட்டிகளைப் பால்கனியில் பழைய இடத்தில் வைத்தார். அது போதாது என்று, எலுமிச்சைப் பீப்பாயைப் புதுப் பெயின்ட் அடித்த கம்பியோடு சேர்த்து, இரும்புக் கம்பியால் பல சுற்றுச் சுற்றி முறுக்கினார். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று நிதானமாக முறுக்கினார்.

"பீப்பாய் எங்கேயும் ஓடிப் போகப் போகுதா?" என்று கேட்டார் மனைவி.

"நான் ஓடிப் போகாம இருக்கத்தான் கட்டறேன்" என்றார் அவர். வாழ்க்கையில் அவர் தன்னைப் பற்றிச் சரியாகக் கணித்த சில தருணங்களில் அது ஒன்று.

எலுமிச்சை வெளியே வந்துவிட்டது, ஆகவே ஊர் நட்டது. மேட்டில் அவரைச் செடி, சரிவில் உருளைக்கிழங்கு. பள்ளத்தில் மச்சினன் தன்னிடமிருந்த தக்காளி நாற்று முழுவதையும் நட்டு முடித்தான். நாற்றுப்பண்ணைகள் காலியாகிவிட்டன, நட்டது போனால் மறுபடி நட ஊரில் நாற்று இல்லை. "இது போச்சுன்னா திரும்ப லாரிதான் மாமா. மறுபடியும் ராத்திரி பகல் தெரியாத பொழப்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பள்ளத்தில்தான் குளிர் வந்து தேங்கும் என்பது ஆலோசகருக்குத் தெரியும். அவர் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு மதியம் காற்று சட்டென்று நின்றது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பார்க்க அவ்வளவு அழகான மதியம். ஆலோசகர் வரைபடங்களைப் பார்த்தார். வெளியே போய் வெப்பமானியைப் பார்த்தார். திரும்ப வந்து வரைபடங்களைப் பார்த்தார். வடக்கிலிருந்து வறண்ட குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. மூடிக் காப்பாற்ற மேகம் இல்லை. கலைத்துவிடக் காற்றும் இல்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். "இன்றிரவு உறைபனிக்கு வாய்" என்று எழுதி, கடைசிச் சொல்லைக் கையாலேயே அழித்தார். பிறகு பெரிய எழுத்தில் எழுதினார்: "இன்றிரவு உறைபனி விழும். நட்டதை மூடுங்கள்."

எழுதிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். முதலில் வந்த இருவர் படித்தார்கள். மறுபடி படித்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். எலுமிச்சை வெயிலில் இலை மின்ன நின்றது.

"இது சார் கையெழுத்துதானா?"

"எழுத்து அவர் மாதிரிதான் இருக்கு. ஆனா 'வாய்ப்புள்ளது' இல்லையே."

"அதான் பார்த்தேன். யாரோ விஷமம் பண்ணியிருக்காங்க."

ஆலோசகர் வெளியே பாய்ந்து வந்தார். "நான்தான் எழுதினேன்! நானேதான்!"

அதற்குள் சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. விதைக்கடை அம்மாவும் கடையை விட்டு இறங்கி வந்திருந்தார். பலகையைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். "பனி நிஜமா வருதா சார்?"

"நிச்சயமா வருது!"

"அப்போ எலுமிச்சை?"

"அது நகராதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்ல! உங்க கடையிலதானேம்மா பண்ணினேன்!"

"பண்ணினீங்க, இல்லைங்கலை. ஆனா உங்களை எங்களுக்குத் தெரியாதா சார்? சத்தியத்துக்காக எலுமிச்சையைச் சாகவிடுற மனுஷனா நீங்க? உங்க மனசுக்குப் பனி வராதுன்னு தோணப்போய்தான் அது இன்னும் அங்க நிக்குது."

கூட்டம் தலையாட்டியது. அவரைப் பற்றி அந்த ஊர் சொன்ன மிக உயர்ந்த பாராட்டு அது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வயல் வரைக்கும் குடைகூட எடுக்காமல் போய்ச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் நின்று, கேட்டு, "சரிங்க சார்" என்றார்கள். யாரும் ஒரு சாக்கைக்கூட எடுக்கவில்லை. மச்சினன் மட்டும் முழுதாகக் கேட்டான்.

"மாமா, வெயில்ல மூடி வெச்சதுல போன தடவையே பாதி நாத்து வதங்கிப் போச்சு. அன்னைக்கு பெயின்ட். இன்னைக்கு நிஜமா?"

"நிஜம்."

"எலுமிச்சையை எடுத்துட்டீங்களா?"

ஆலோசகர் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். சூரியன் மலைக்குப் பின்னால் சரியத் தொடங்கியிருந்தது. நிழல் விழுந்த இடத்தில் காலுக்குக் கீழே மண் அப்போதே சில்லிட்டது.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் அவர் கையில் கம்பி வெட்டும் கொறடைக் கொடுத்தார்.

"இது எதுக்கு?"

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்கு."

"ஊர் சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன அழுதுக்கிட்டா இருக்கு?"

"பலகையில சரியா எழுதியிருக்கேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா 'விழும்'னு எழுதியிருக்கேன். இப்போ தொட்டியைத் தூக்கினா, நாளைக்கு என்ன சொல்வாங்க? தொட்டிதான் சொல்லுச்சும்பாங்க. என் எழுத்துக்கு என்ன மதிப்பு?"

"உங்க எழுத்து பெருசா, என் தம்பி தக்காளி பெருசான்னு நான் கேட்கமாட்டேன்" என்றார் மனைவி. "கேட்டா நீங்க யோசிப்பீங்க. யோசிக்க நேரமில்லை."

ஆலோசகர் பால்கனிக்கு வந்தார். கீழே தெருவே கூடி நின்றது. முதலில் ஒரு தக்காளித் தொட்டியை எடுத்துச் சுவரோரம் வைத்தார், எலுமிச்சையைத் தொடாமலே இது போதுமோ என்ற ஒரு கடைசி நப்பாசையில்.

"காத்து அடிக்கும்கிறார்" என்றது கீழே ஒரு குரல்.

"காத்து இல்லடா, பனி! பனி!" என்று மேலேயிருந்து கத்தினார். கீழே யாரும் நகரவில்லை. எலுமிச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் குனிந்து கம்பியை அவிழ்க்கப் பார்த்தார். வைராக்கியத்தில் முறுக்கிய கம்பி, கொறடு வழுக்கியது. புதுப் பெயின்ட் உதிர்ந்து கையெல்லாம் ஒட்டியது.

"சார், இன்னும் பெரிய கொறடு வேணுமா? கடையில இருக்கு!" என்று விதைக்கடை அம்மா கேட்டார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அவரும் கொல்லையில் தக்காளி நட்டிருந்தார்.

"கொண்டு வாங்க!"

பெரிய கொறடு மாடி ஏறியது. அதோடு மச்சினனும் ஏறி வந்தான். வயலிலிருந்து அவர் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறான். கம்பி ஒவ்வொரு சுற்றாக அறுந்தது. மச்சினன் ஒரு பக்கம், ஆலோசகர் ஒரு பக்கம். பீப்பாய் கதவு நிலையில் இடித்தது, சிக்கியது, ஒரு கிளை முறிந்தது. "மெதுவா, மெதுவா!" என்று ஆலோசகர் அலறினார். பிறகு, ஊரே பார்த்திருக்க, எலுமிச்சையின் கடைசி இலையும் உள்ளே மறைந்தது.

அடுத்த கணம் தெருவில் ஆள் இல்லை. விதைக்கடையில் இருந்த சாக்கும் தார்ப்பாயும் கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வெளியேறின. மச்சினன் படியில் பாதியைத் தாண்டிக் குதித்தான். அவன் அக்கா வீட்டிலிருந்த போர்வைகளையும், ஜன்னல் திரைகளையும், சோபா உறையையும் பால்கனியிலிருந்து அவன் தலைமேலேயே போட்டார்.

இருட்டுவதற்குள் பள்ளமும் மேடும் மூடப்பட்டன. காலையில் போர்வைகளின் மேற்புறம் வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் நாற்றுகள் பச்சையாக இருந்தன. வரப்போரத்தில் கருகியவை சிலதான். மச்சினன் லாரிக்குத் திரும்பவில்லை. அக்காவின் ஜன்னல் திரைகளையும் திருப்பித் தரவில்லை. மற்றத் தொட்டிகளும் உள்ளே போய்விட, பால்கனியில், அவசரத்தில் எல்லோரும் மறந்துவிட்ட அந்தப் பெயர் தெரியாத செடி மட்டும் ராத்திரி முழுக்கப் பனியில் நின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் கவலைப்படாததை அது ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டது போலிருந்தது.

பலகையில் ஆலோசகரின் பழைய சொல் திரும்ப வந்துவிட்டது. பீப்பாய்க்கு அவர் சக்கரம் வைத்துவிட்டார். சத்தியத்தைப் பற்றி ஊரில் யாரும் அவரிடம் பேசுவதில்லை; பேச வாய்ப்புள்ள இடங்களில் அவரும் நிற்பதில்லை.

துறையின் அந்த ஆண்டறிக்கையில் எங்கள் ஊருக்கும் ஒரு வரி கிடைத்தது: "ஆலோசகரின் உறுதியான அறிவிப்பைத் தொடர்ந்து, விவசாயிகள் உரிய காலத்தில் பயிர்களைப் பாதுகாத்தனர்."

அவர் செய்தது, பொழுது சாய்கிற நேரத்தில், தெருவே பார்த்திருக்க, தான் கட்டிய கம்பியைத் தானே அறுத்து, எலுமிச்சையை வீட்டுக்குள் தூக்கி வைத்தது.